சஸ்பென்ஷன் புஷ் மாற்றுதல்: ரப்பர் மலிவு, அதை எட்டுவதுதான் செலவு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். காரின் சஸ்பென்ஷன் புஷ்ஷைப் பார்த்துச் சொன்னது போன்ற பழமொழி. சஸ்பென்ஷனின் மூட்டுகளில் உட்கார்ந்திருக்கும், கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் உருளை. அதைக் கழற்றி மாட்ட இரண்டு மூன்று மணி நேரம், ஒரு பிரஸ் (அழுத்து இயந்திரம்), புதிய போல்ட்டுகள், கடைசியில் வீல் அலைன்மென்ட். "ஒரு ரப்பருக்கா இவ்வளவு?" என்று கேட்பவர் புஷ்ஷின் விலையைப் பார்க்கிறார், பில் போடுபவர் அதை எட்டும் வழியைப் பார்க்கிறார். அதனால் விலை குறைந்த புஷ்ஷைத் தேடி மிச்சம் பிடிக்க நினைப்பது வீண். ஒரு தடவை கழற்றும்போது கூடவே எதையெல்லாம் முடித்துவிடலாம், எங்கே முழு ஆர்மாக (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் உலோகக் கை) வாங்குவது லாபம், எந்த போல்ட் மக்கர் செய்யும் என்பதை ஜாக்கி போடுவதற்கு முன்பே கணக்குப் போட்டால்தான் கை கடிக்காது.

புஷ்ஷுக்குள் என்ன நடக்கிறது

பெரும்பாலான கார்களில் இருப்பது மூன்று அடுக்கு புஷ். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே சிறிய இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டும்படி வார்த்த ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் துளையில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். உட்குழாய் வழியே போல்ட் போகும். போல்ட்டை முடுக்கியதும் பிராக்கெட்டின் இரண்டு கன்னங்களும் உட்குழாயை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு அது சுழலாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது உலோகத்தின் மேல் உலோகம் எங்கேயும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுகுகிறது, திரும்பவும் பழைய நிலைக்கு வருகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட புஷ்ஷுக்கு கிரீஸ் தேவையில்லை. சொல்லப்போனால் மினரல் ஆயிலும் சாதாரண கிரீஸும் இயற்கை ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும். இன்ஜின் ஆயில் கசியும் கார்களில் ஒரு பக்கத்து புஷ் மட்டும் சீக்கிரம் போவதற்குக் காரணம் பல நேரங்களில் இந்தக் கசிவுதான். கசிவை அடைக்காமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் இதே செலவு திரும்பி வரும்.

சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே பள்ளங்களோ ஓட்டைகளோ விட்டிருப்பார்கள். ஒரு திசையில் மெத்தென்றும் இன்னொரு திசையில் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. கிழிசல் என்று தப்பாக எண்ணக்கூடாது. இன்னும் சிலவற்றில் உள்ளே திரவம் அடைத்திருக்கும். அது கசிந்தால் புஷ்ஷைச் சுற்றிக் கறுத்த ஈரம் படியும். ரப்பர் முழுசாகத் தெரிந்தாலும் அந்தப் புஷ்ஷின் கதை முடிந்தது. ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) பிடித்திருக்கும் டி (D) வடிவப் புஷ் வேறு ரகம். ஒரு பக்கம் கீறிவிட்ட வெறும் ரப்பர் துண்டு, கிளாம்ப் போட்டு அழுத்தியிருப்பார்கள், பிரஸ் வேலையே கிடையாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது

புஷ் மாற்றுவதில் மிகப் பெரிய வீண் செலவு, கெடாத புஷ்ஷை மாற்றுவது. சத்தத்தின் குணத்திலிருந்து தொடங்குங்கள்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் "லொடக் லொடக்" என்று உலோகம் தட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் (அந்தப் பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு), அடுத்து பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள குண்டு மூட்டு). பிரேக் மிதிக்கும்போதும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் "டொம்" என்று ஒரே ஒரு மொத்தை அடி கேட்டால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளும் விசையில் பெரும் பங்கைத் தாங்குவது பெரும்பாலும் அதுதான். ஆனால் கியர் போடும்போதோ ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போதோ இதே "டொம்" வந்தால் இன்ஜின் மவுன்ட்டாகவும் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தாங்கி) இருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று விடுபட்டால் அது ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுன்ட்.

சத்தமே இல்லாமலும் புஷ் போகும். நேர்சாலையில் அடிக்கடி ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டியிருப்பது, பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, அலைன்மென்ட் செய்த சில வாரங்களிலேயே மறுபடி கலைந்துபோவது எல்லாம் இதன் அடையாளங்கள். பின் பீமின் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) புஷ் தளர்ந்தால் லேன் மாறும்போது பின்பகுதி தனியாக ஒரு நொடி தாமதித்து வருவதுபோல் உணர்வீர்கள்.

கண்ணால் பார்க்கும்போது மேற்பரப்பில் மெல்லிய ரேகைகள் தெரிந்தால் பதறத் தேவையில்லை; வயதான ரப்பர் எல்லாமே அப்படித்தான் இருக்கும். ரப்பர் குழாயிலிருந்து பிரிந்திருக்கிறதா, வெடிப்பு ஆழமாக உள்ளே இறங்கியிருக்கிறதா, உட்குழாய் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். எதிர்ப்பக்கத்து புஷ்ஷோடு ஒப்பிட்டால் சீக்கிரம் தெளியும்.

வண்டியைத் தூக்கி, ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (வண்டியின் அடியில் ஆர்ம்கள் பொருந்தும் தனிச் சட்டம்) நடுவே அரை மீட்டர் நீள நெம்புகோலை நுழைத்து மிதமாக நெம்பலாம். நல்ல புஷ்ஷும் சில மி.மீ. அசையும், ஆனால் ஒட்டு விடாமல் இழுத்துப் பிடிக்கும். கெட்டது சட்டென்று போய் முட்டும். பலம் முழுவதும் போட்டு நெம்பினால் எந்தப் புஷ்ஷும் கெட்டதாகத்தான் தெரியும்.

இதைவிட நம்பகமானது சுமையோடு பார்ப்பது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடியே முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி லேசாக இழுக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரம் வளைவுக்குள் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது, அடியில் படுக்கவும் கூடாது. செல்போனை அடியில் வைத்து வீடியோ எடுத்தால் ஆர்மின் அசைவு இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஸ்டெபிலைசர் லிங்க்கைச் சோதிக்க ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஏமாறுவீர்கள். பார் முறுகி லிங்க்கை இழுத்துப் பிடித்திருக்கும், அதன் ஆட்டம் மறைந்துவிடும். இரண்டு சக்கரமும் தரையிலோ, இரண்டும் தொங்கியபடியோ இருக்கும்போதுதான் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

செலவை ஏற்றுவது எது

வேலை நேரத்தை வைத்துத்தான் இதைப் பேச முடியும். கீழே சொல்வது துருப்பிடிக்காத வண்டியில், கை பழகியவருக்கு ஆகும் நேரம். புதிதாகச் செய்பவர் தாராளமாக இரட்டிப்பாக்கிக் கொள்ளலாம்.

ஸ்டெபிலைசர் லிங்க் பக்கத்துக்கு அரை மணி நேரம். டி புஷ் இரண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அதே புஷ் சப்ஃப்ரேமுக்கு மேலே, ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தடுப்பு) ஒட்டி ஒளிந்திருந்தால் சப்ஃப்ரேமைச் சில செ.மீ. இறக்க வேண்டிவரும், மூன்று நான்கு மணி நேரம் ஓடிவிடும். புஷ் ஒன்றுதான், கூலி நான்கு மடங்கு. முன் லோயர் ஆர்மை முழுசாக மாற்ற பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்; பழைய ஆர்மிலேயே புஷ்ஷைப் பிதுக்கி எடுத்துப் புதிதை அழுத்துவதென்றால் ஒரு ஆர்முக்கு மேலும் அரை மணி முதல் ஒரு மணி. பின் பீம் புஷ் இரண்டுக்கும் மூன்று நான்கு மணி நேரம். சப்ஃப்ரேம் புஷ் என்றால் அரை நாளைத் தாண்டும்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று துரு. போல்ட் உட்குழாயோடு சேர்ந்து துருவேறிப் பிடித்துவிட்டால், நட்டு கழன்றாலும் போல்ட் வெளியே வராது. அதை அறுத்தெடுக்க மட்டும் ஒரு மணி நேரம் போகலாம். இரண்டு, வடிவமைப்பு. குறுக்காக இன்ஜின் வைத்த சில கார்களில் ஆர்மின் முன் போல்ட்டை இழுத்தால் பாதியில் கியர்பாக்ஸ் உறையில் முட்டும். மவுன்ட்டைக் கழற்றி இன்ஜினைக் கொஞ்சம் தூக்கினால்தான் வழி. மதிப்பீடு கேட்கும்போது "போல்ட் நேராக வெளியே வருமா, சப்ஃப்ரேம் இறக்க வேண்டுமா, துருவேறிய போல்ட்டை அறுத்தால் அதற்குத் தனிக் கூலியா" என்று கேளுங்கள். கேட்கும் விதத்திலேயே விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒரே கழற்றலில் கைக்கு வருபவற்றைச் சேர்த்துச் செய்தால் கூலி ஒரு தடவையோடு போகும். லோயர் ஆர்ம் வெளியே வந்துவிட்டால் அதன் இரண்டு புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டியவை. சப்ஃப்ரேம் இறங்கிவிட்டால் டி புஷ்ஷைத் தொடாமல் ஏற்றுவது அறிவீனம். இடது வலது இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரே தூரம் ஓடிய ஜோடி. ஒன்று போயிருந்தால் மற்றதும் கிளம்பத் தயாராக இருக்கும், ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் பிரேக்கில் வண்டி இழுக்கும்.

அலைன்மென்ட் எப்போதும் தேவையில்லை. லிங்க்கும் டி புஷ்ஷும் சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பவை அல்ல. அவற்றை மட்டும் மாற்றினால் அந்தச் செலவை விட்டுவிடலாம். ஆர்ம், அதன் புஷ், சப்ஃப்ரேம் ஆகியவற்றில் கை வைத்தால் கட்டாயம் செய்ய வேண்டும்.

புஷ்ஷா, முழு ஆர்மா

தகட்டில் அடித்த இரும்பு ஆர்ம், அதோடு ரிவெட் அடித்த பால் ஜாயின்ட், கணிசமாக ஓடிய வண்டி என்றால் முழு ஆர்ம்தான் லாபம். ஆர்மின் விலை கூடுதலாகத் தெரியும்; ஆனால் பிரஸ் கூலி மிச்சம், பால் ஜாயின்ட் புதிது, புஷ் கோணல் ஆகும் அபாயம் இல்லை. வீட்டிலேயே செய்பவர்களுக்கு இதுவே சரி, ஏனென்றால் பிரஸ் இல்லாமலே முடிகிறது.

வார்ப்பு அலுமினிய ஆர்மின் விலை அதிகம். பால் ஜாயின்ட் நன்றாக இருந்து புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் அங்கே புஷ்ஷை மட்டும் மாற்றுவது நியாயமானது. ஒரு எச்சரிக்கை: பெயர் தெரியாத மலிவு ஆர்மில் வரும் புஷ்ஷின் ரப்பர் தரம் குறைவாக இருந்தால், நல்ல பழைய ஆர்மைக் குப்பையில் போட்டுவிட்டு மோசமான புஷ்ஷை வாங்கியதாக முடியும். அப்படிப்பட்ட தேர்வுதான் கையில் இருக்கிறதென்றால், பழைய ஆர்மில் நல்ல தயாரிப்பாளரின் புஷ்ஷை அழுத்திக்கொள்வது மேல்.

ஜாக்கி போடுவதற்கு முன்

சமதரையில் வண்டி நிற்கும்போதே ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். 385 மி.மீ. என்று வந்தால் அந்த எண் கடைசிக் கட்டத்தில் உயிர்நாடி. அளக்காமல் கழற்றியவர்கள் கடைசியில் குத்துமதிப்பாக முடுக்குவார்கள்.

முந்தைய நாளே எல்லா நட்டுகளையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊற விடுங்கள். ரப்பர் மேல் வழிந்தால் துடைத்துவிடுங்கள், மாற்றப்போகாத புஷ் பக்கத்தில் இருந்தால் முக்கியமாக. புதிய போல்ட்டும் நட்டும் கையில் இருக்கட்டும். நைலான் வளையம் வைத்த நட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. குறிப்பிட்ட டார்க்குக்கு (முடுக்கும் முறுக்குவிசை அளவு) பிறகு "இன்னும் 90 டிகிரி" என்று கோணக் கணக்கில் முடுக்கச் சொல்லும் போல்ட்டுகள் பலவும் முடுக்கும்போதே நீண்டு இழுபடுபவை. அவற்றுக்கும் இரண்டாம் வாழ்வு கிடையாது.

கருவிகளில் தவிர்க்க முடியாதவை: இரண்டு ஸ்டாண்டுகள், இரண்டாவது ஜாக்கி, நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச், பால் ஜாயின்ட் பிரிப்பான். புஷ்ஷை மட்டும் மாற்றுவதென்றால் 10 டன் பிரஸ் போதும், துருவேறியதற்கு 20 டன். பிரஸ் இல்லாவிட்டால் 12 முதல் 16 மி.மீ. தடிமனுள்ள உறுதியான மரைக்கம்பியும் சரியான அளவுக் குழாய்த் துண்டுகளும் வைத்து இழுக்கலாம். கடையில் கிடைக்கும் சாதாரண மரைக்கம்பி வேலைக்கு ஆகாது, பாதியில் மரை வழன்றுவிடும். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து அழுத்தி வாங்கிக்கொள்வது இதையெல்லாம் விட எளிது.

கழற்றுதல்

முன் சக்கரங்கள் இரண்டும் எழும்படி ஒன்றாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுகி ஆர்மைத் தள்ளிக்கொண்டே இருக்கும், போல்ட் எதுவும் வழிக்கு வராது.

உங்கள் வண்டியில் ஸ்பிரிங் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று இந்த இடத்தில் நின்று பாருங்கள். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு கட்டுண்டு இருக்கும். லோயர் ஆர்மைக் கழற்றினால் ஸ்பிரிங் பாயாது. ஸ்பிரிங் நேரடியாக லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால், ஸ்பிரிங் கம்பிரஸரால் அழுத்திக் கட்டாமல் எந்த போல்ட்டையும் தொடாதீர்கள். ஆளைக் கொல்லும் அளவு ஆற்றல் அதில் அடங்கியிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெபிலைசர் லிங்க்கை விடுவியுங்கள். லிங்க்கின் தண்டு நட்டோடு சேர்ந்து சுழன்றால் தண்டின் நுனியில் உள்ள ஆலன் துளையிலோ தட்டைப் பகுதியிலோ பிடித்துக்கொள்ளலாம். ஆர்மில் ஏபிஎஸ் வயரோ ஹெட்லைட் உயர சென்சாரின் கம்பியோ கோத்திருந்தால் கிளிப்பை விடுவித்து ஓரம் கட்டுங்கள். மறந்தால் ஒரு சென்சாரின் விலை கூடுதல்.

பால் ஜாயின்ட் நக்கிளில் (சக்கரம் பொருந்தும் ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டு) குறுக்குப் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருந்தால், அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக உருவ வேண்டும்; அது ஜாயின்ட் தண்டின் பள்ளம் வழியே போகிறது. பிறகு நக்கிளின் கீறலில் ஆப்பு வைத்து லேசாக விரித்தால் தண்டு இறங்கும். அலுமினிய நக்கிளைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். கூம்புத் தண்டு ரகமாக இருந்தால் பிரிப்பானைப் பயன்படுத்துங்கள். பிளவுபட்ட முள் போன்ற கருவி ரப்பர் உறையைக் கிழித்துவிடும், ஜாயின்ட்டை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது வேண்டாம்.

ஆர்ம் விடுபட்டதும் நக்கிள் தானாக வெளியே சாயும். அப்படியே விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் இழுபட்டு உள்ளுக்குள் கழன்றுவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். ஒரு கயிறால் நக்கிளை ஸ்ட்ரட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

உள்பக்க போல்ட்டுகளைக் கழற்றும்போது எது எந்தத் திசையிலிருந்து நுழைந்திருந்தது என்று படம் எடுத்துவையுங்கள். துளை நடுவிலிருந்து விலகியிருக்கும் வாஷர் உள்ள போல்ட் என்றால் அது கோணம் சரிசெய்யும் போல்ட். வாஷரும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள்.

நட்டு கழன்றும் போல்ட் சுழலாமல் ரப்பரோடு சேர்ந்து "மெத்மெத்"தென்று முறுகித் திரும்பினால், துருவில் பிடித்துவிட்டது என்று பொருள். சப்ஃப்ரேமுக்குள் நட்டைப் பற்றவைத்திருக்கும் ரகமானால், நீளக் கைப்பிடி போட்டு மல்லுக்கட்டும்போது அடுத்து உடைவது அந்த நட்டு. அது உடைந்தால் தகட்டில் ஜன்னல் வெட்டித்தான் உள்ளே பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிடுங்கள். சூடு, எண்ணெய், முன்னும் பின்னுமாகக் கால் சுற்று என்று ஒரு அரை மணி பாருங்கள். மசியாவிட்டால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே மெல்லிய பிளேடைக் கொடுத்து, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். எப்படியும் புஷ் குப்பைக்கு, போல்ட்டும் புதிது, வீராப்பில் லாபமில்லை.

சப்ஃப்ரேம் இறக்கும் வேலையானால் ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். ஸ்டியரிங் தண்டு பிரிந்திருக்கும்போது வீல் சுற்றினால் ஏர்பேக்கின் சுருள் நாடா அறுந்துவிடும். சப்ஃப்ரேம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றியும் கோடு போட்டுவையுங்கள்.

பிதுக்குவதும் அழுத்துவதும்

பழைய புஷ்ஷை எடுக்கும் முன் இரண்டு விஷயம். அதன் பள்ளங்கள், அம்புக்குறி, காது எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஆர்மின் மேல் மார்க் செய்யுங்கள். வெளிக்குழாய் ஆர்மின் விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறது என்று காலிப்பரால் அளந்து எழுதுங்கள். புதிய புஷ்ஷைப் பள்ளம் திசை மாறி அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டிய திசையில் மெத்தென்றாகி, பிரேக்கில் பழைய சத்தமே புதிதாகக் கேட்கும். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை இது.

ஆர்மின் துளையைச் சுற்றி, புஷ் நுழைந்து இறங்கும் அளவுள்ள குழாயை அடியில் முண்டு கொடுத்து, மேலிருந்து வெளிக்குழாயின் விட்டத்தைவிட அரை மி.மீ. சிறிய உருளையால் அழுத்துங்கள். தகட்டு ஆர்ம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருந்தால் நடுவே ஆதரவு வைக்காமல் அழுத்தக்கூடாது, சுவர் நசுங்கிவிடும்.

பிரஸ்ஸுக்கும் அசையாத புஷ் என்றால், ரப்பரைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு உட்குழாயைத் தட்டி எடுத்துவிடுங்கள். பிறகு ஹேக்சா பிளேடை உள்ளே நுழைத்து வெளிக்குழாயை மட்டும் நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்பக்கம் மடித்தால் கழன்றுவிடும். ஆர்மின் துளையில் கீறல் விழாமல் நிறுத்துவதுதான் கைப்பக்குவம். ரப்பரைக் கொளுத்தி எடுப்பது வேண்டாம். நச்சுப் புகை ஒருபுறம். நெருப்புப் பட்ட அலுமினியம் தன் உறுதியை இழக்கும், பக்கத்தில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் உறையும் கிரீஸும் போகும்.

துளையை எம்ரி பேப்பரால் துரு மட்டும் போகத் தேயுங்கள். விட்டத்தைப் பெருக்கிவிடக்கூடாது, இறுக்கம் குறைந்தால் புஷ் ஓட்டத்தில் வழுக்கி வெளியே வந்துவிடும்.

புதிய புஷ்ஷை ஃப்ரீஸரில் வைத்தால் சுலபமாக நுழையும் என்பார்கள். 40 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை 40 டிகிரி குளிர்வித்தால் சுருங்குவது ஏறக்குறைய 0.02 மி.மீ. தான். உதவும், ஆனால் பிரஸ்ஸுக்கு மாற்று அல்ல. அலுமினிய ஆர்மை ஹாட் ஏர் கன்னால் 80 டிகிரி வரை சூடாக்கினால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கிடைக்கும்.

வெளிக்குழாயில் மெல்லியதாகச் சோப்புத் தண்ணீர் தடவி, நேராக நிறுத்தி, வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்துங்கள். உட்குழாயிலோ ரப்பரிலோ விசை பட்டால் ஒட்டு உள்ளேயே கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. முதல் 3 மி.மீ. கோணலாகப் போனால் நிறுத்தி வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். "போகப் போக நேராகிவிடும்" என்பது நடக்காது. துளையைச் சுரண்டிக்கொண்டு இன்னும் கோணலாகும்.

முடுக்கும் கட்டம்

ஆர்மை ஏற்றி, போல்ட்டுகளை அதே திசையில் நுழைத்து, நட்டுகளைக் கையால் விரல் இறுக்கம் வரை மட்டும் போடுங்கள். பால் ஜாயின்ட், லிங்க் ஆகியவற்றை அந்தந்த டார்க்குக்கு முடுக்கலாம். புஷ் வழியே போகும் போல்ட்டுகளை மட்டும் இப்போது முடுக்கக்கூடாது.

காரணம் முதலில் சொன்ன முறுகல். வண்டி தூக்கியிருக்கும்போது ஆர்ம் கீழே தொங்குகிறது, சாதாரண நிலையிலிருந்து 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் முடுக்கினால் உட்குழாய் அங்கேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் 20 டிகிரி முறுகிய நிலையிலேயே இரவு பகலாக நிற்கும். மேட்டில் ஏறி ஆர்ம் இன்னொரு 15 டிகிரி மேலே போனால் மொத்தம் 35. சரியாக முடுக்கியிருந்தால் வெறும் 15. புதிய புஷ் சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்து "டூப்ளிகேட் சாமான்" என்று பழி சுமப்பது பல நேரங்களில் இதனால்தான்.

இரண்டாவது ஜாக்கியை ஆர்மின் வெளிமுனையில், பால் ஜாயின்ட்டை ஒட்டி வைத்து, ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை முன்பு எழுதிய 385 மி.மீ. வரும்வரை தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பாமல் கவனியுங்கள். எழும்பினால் அதற்கு மேல் போகாதீர்கள். பள்ளமேடையோ, சக்கரங்கள் மேல் வண்டி நிற்கும் லிஃப்ட்டோ இருந்தால் இதைவிட நல்லது, சக்கரம் மாட்டி இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, வண்டியின் முழு எடையில் முடுக்கலாம். டார்க் அளவு வண்டிக்கு வண்டி வேறு. சர்வீஸ் மேனுவலில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், பொது அளவு என்று ஒன்றில்லை.

டி புஷ்ஷுக்கு வேறு கணக்கு. கீறல் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைத்து, கிளாம்ப் போல்ட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். கீச்சுச் சத்தம் வராமல் இருக்க சிலிக்கான் கிரீஸ் தடவலாம், பாரோடு ஒட்டவைக்கும் ரகமாக இல்லாத பட்சத்தில்.

பாலியூரித்தேன் பற்றி ஒரு வார்த்தை

பாலி புஷ், அதாவது ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேனில் வார்த்தது, எண்ணெய்க்கு அசராது, சீக்கிரம் கிழியாது. பல ரகங்களில் வெளிக்குழாயே கிடையாது, இரண்டு பாதியாக வருவதால் வைஸில் வைத்தே அழுத்திவிடலாம். பிரஸ் கூலி மிச்சம். ஆனால் இது முறுகுவதில்லை, உட்குழாயின் மேல் சுழல்கிறது. அதனால் கூடவே தரும் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகத் தடவ வேண்டும். அது காய்ந்ததும் கீச்சிடும், மறுபடி கழற்றித் தடவ வேண்டிவரும். கூலியை மிச்சப்படுத்தத்தான் பாலி என்று நினைத்தவருக்கு இது கசக்கும். சாலையின் அதிர்வும் அதிகமாக உள்ளே வரும். ஆர்ம் பல திசைகளில் வளைந்து கொடுக்க வேண்டிய இடங்களில், உதாரணமாகப் பின் பீமிலும் மல்டி லிங்க்கின் (சக்கரத்தைப் பல ஆர்ம்கள் பிடித்திருக்கும் அமைப்பு) நீளவாக்கு ஆர்மிலும், விறைப்பான பாலியைப் போட்டால் விசை போய்ச் சேருவது பிராக்கெட்டுக்கு. தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே போதும்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு அலைன்மென்ட். ஸ்டியரிங் நேராக இருந்தாலும் டோ (சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கலைந்திருக்கலாம். சில ஆயிரம் கிலோமீட்டரில் டயர் விளிம்பைத் தின்றுவிட்டுத்தான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பழைய சத்தம் அப்படியே இருந்தால் புஷ்ஷைக் குறை சொல்லும் முன் புஷ் போல்ட்டுகளின் டார்க்கை வண்டி நிற்கும் உயரத்திலேயே மறுபடி பாருங்கள். தளர்ந்த போல்ட் கெட்ட புஷ் போலவே "டொம்" போடும். அது சரியென்றால் பள்ளங்களின் திசை, அதுவும் சரியென்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், இன்ஜின் மவுன்ட் என்று மேலே போங்கள். புதிதாகக் கீச்சுச் சத்தம் வந்தால், அது வரும் இடத்தில் உள்ள ரப்பர்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எந்த ரப்பரை நனைத்ததும் சத்தம் சிறிது நேரம் நிற்கிறதோ அதுதான் ஆள்.